கொழுந்து பறிப்பவரின் இடுப்பு வலி: ஸ்கேன் சொல்வதும் ஆய்வுகள் சொல்வதும்

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலமாகக் கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மாவுக்கு வயது 46. ஓராண்டாக இடுப்பு வலி. சில நாட்களில் அது பிட்டம் வரை இறங்குகிறது, ஆனால் காலில் மரத்துப்போதலோ பலவீனமோ இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையில் இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறது. அதைக் கேட்ட நாளிலிருந்து ஒருவர் படுத்திருக்கச் சொல்கிறார், ஒருவர் பெல்ட் கட்டச் சொல்கிறார், இன்னொருவர் வேலையையே விட்டுவிடச் சொல்கிறார். இவற்றில் எதற்கு ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது என்றும், இப்போது அம்மாவோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் அக்காவுக்கு இதே வலி வராமல் தடுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், தாமதிக்கக்கூடாத அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது அடக்க முடியாமல் போவது, மலத்துவாரத்தையும் தொடைகளின் உட்புறத்தையும் சுற்றி உணர்வு குறைவது, கால் நாளுக்கு நாள் பலமிழந்து பாதம் தொங்குவது ஆகியவை முள்ளந்தண்டின் அடிப்பகுதி நரம்புகள் நசுங்குவதைக் காட்டக்கூடும். அவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே, தேவையானால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைத்து, வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரவில் படுத்தாலும் தணியாத வலி, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிவது, முன்பு புற்றுநோயோ காசநோயோ இருந்த வரலாறு, விழுந்து அடிபட்டது ஆகியவை இருந்தால் வைத்தியரிடம் அவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். காசநோய் முள்ளந்தண்டையும் தாக்கும் என்பதால் நெரிசலான லய அறைகளில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வாழ்பவர்கள் விஷயத்தில் இதை நான் அலட்சியப்படுத்துவதில்லை. உங்கள் அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை என்று எழுதியிருப்பதால் மேலே செல்கிறேன்.

அம்மாவை வலியைவிட அதிகமாக முடக்கியிருப்பது அந்த அறிக்கையில் உள்ள ஒரு வரி என்று நினைக்கிறேன். எனவே அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த 33 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 3110 பேர். 20 வயதில் உள்ளவர்களில் 30 வீதமானோருக்கும், 40 வயதில் 50 வீதமானோருக்கும், 50 வயதில் 60 வீதமானோருக்கும், 80 வயதில் 84 வீதமானோருக்கும் டிஸ்க் பிதுக்கம் காணப்பட்டது. டிஸ்க் தேய்வு இன்னும் பரவலாக, 50 வயதினரில் 80 வீதமானோரிடம் இருந்தது. இவர்கள் எல்லோரும் வலியின்றி நடமாடியவர்கள். உங்கள் அம்மாவின் வயதில், வலி இல்லாத பெண்கள் பத்துப் பேரை வரிசையாக ஸ்கேன் செய்தால் ஐந்தாறு பேருக்கு இதே வரியைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். தலையில் நரை விழுவதைப் போல முள்ளந்தண்டிலும் வயதின் அடையாளங்கள் விழுகின்றன.

ஸ்கேனுக்கு மதிப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில், வலி உள்ளவர்களிடம் டிஸ்க் மாற்றங்கள் வலி இல்லாதவர்களிடம் காணப்படுவதைவிட அதிகமாகவே இருக்கின்றன என்பதையும் அதே குழுவினர் இன்னொரு கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள். ஆகவே டிஸ்க் வலிக்கு ஒரு பங்காளியாக இருக்கலாம். ஆனால் படத்தை மட்டும் பார்த்து ஒருவருக்கு எவ்வளவு வலிக்கும், எவ்வளவு காலம் வலிக்கும், அவர் வேலை செய்யலாமா கூடாதா என்று யாராலும் கூற முடியாது. பெரிதாக வெளியே தள்ளிய டிஸ்க்குகள் கூட நாளடைவில் தாமாகச் சுருங்குவது பலமுறை பதிவாகியிருக்கிறது. அறிக்கையைக் கையில் கொடுக்கும் வேளையில் இந்த இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துச் சொல்லியிருந்தால், உங்கள் அம்மா ஒரு குடம் தண்ணீர் தூக்கவும் அஞ்சும் நிலைக்கு வந்திருக்க மாட்டார் என்பது என் உறுதியான கருத்து.

அந்த அச்சம் சாதாரணமானதல்ல. குனிந்தால் டிஸ்க் வெளியே வந்துவிடும் என்று நம்புகிறவர் குனிவதைத் தவிர்க்கிறார்; தவிர்ப்பதால் தசைகள் பலமிழக்கின்றன, முதுகு விறைக்கிறது; பின்பு தவிர்க்க முடியாமல் ஒருநாள் குனியும்போது முன்பைவிட அதிகமாக வலிக்கிறது; அந்த வலி அவருடைய நம்பிக்கையை மேலும் உறுதிப்படுத்துகிறது. இந்தச் சுழலை அச்சத் தவிர்ப்பு மாதிரி என்ற பெயரில் விலாயன், லின்டன் ஆகிய இரு உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டு விரிவாக விளக்கினார்கள். வலி என்பது திசுவில் உள்ள காயத்தின் அளவை அப்படியே காட்டும் அளவுகோல் அல்ல. உறக்கம், கவலை, களைப்பு, முன் அனுபவம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு நரம்பு மண்டலம் அதை உருவாக்குகிறது. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில், முதலில் பட்ட காயம் ஆறிய பின்னும் அந்த மண்டலம் அளவுக்கு மீறிய விழிப்போடு இருந்துவிடுவது உண்டு. வலி கற்பனை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வலி முழுக்க உண்மையானது. அதை நீட்டிக்கும் காரணங்கள் மட்டும் டிஸ்க்கைவிடப் பரந்தவை.

படுக்கை ஓய்வைப் பொறுத்தவரை விடை பல ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1986இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளில் ஒரு பகுதியினரை இரண்டு நாளும் மற்றவர்களை ஏழு நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் குழுவினர் வேலைக்குப் போகாத நாட்கள் 45 வீதம் குறைவாக இருந்தன, குணமடைவதில் அவர்கள் பின்தங்கவும் இல்லை. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி மாநகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. படுத்திருந்தவர்கள், முதுகுப் பயிற்சி செய்தவர்கள், வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள் என்ற மூன்று குழுக்களில் கடைசிக் குழுவே விரைவாகத் தேறியது. படுத்திருந்தவர்களே மிகத் தாமதமாகத் தேறினார்கள். ஆகவே கடுமையான வலி உள்ள ஓரிரு நாட்களில் படுத்து ஆறுதல் பெறுவதில் தவறில்லை. அதை வாரக்கணக்கில் நீட்டினால் தீங்கே மிஞ்சும்.

பெல்ட் பற்றியும் மருந்து பற்றியும் சுருக்கமாகவே சொல்லலாம். நாட்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்புப் பெல்ட்டையும், இழுவைச் சிகிச்சையையும், ஓபியாயிட் வகை (அபின் சார்ந்த) வலி மருந்துகளையும் வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. விளக்கக் கல்வியையும், பயிற்சித் திட்டத்தையும், உளவியல் ஆதரவையும், மசாஜ் போன்ற சில கைமுறைச் சிகிச்சைகளையும், வீக்கம் தணிக்கும் வலி மாத்திரைகளையும் தகுந்தவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. அந்த மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியவை என்பதால் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கக்கூடாது. பெயர் தெரியாத மாத்திரைகளைக் கலந்து பொட்டலமாகக் கொடுத்தால் வாங்கவே வேண்டாம். பரசிட்டமோலைப் பொறுத்தவரை, திடீர் இடுப்பு வலி வந்த 1652 பேரிடம் அவுஸ்திரேலியாவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, குணமடையும் வேகத்தில் அதற்கும் வெற்று மாத்திரைக்கும் வேறுபாடு இல்லை என்று கண்டது. கோடாலித் தைலமும் சித்தாலேப மூலிகைத் தைலமும் சூட்டு ஒத்தடமும் சிறிது நேர ஆறுதலைத் தரும். அந்த ஆறுதல் கிடைக்கும் நேரத்தில் அம்மா எழுந்து நடந்தாரானால் அவற்றால் பயன் உண்டு.

இனி வேலைக்கு வருவோம். பலரும் சொல்லும் அறிவுரை, முழங்காலை மடக்கி முதுகை நேராக வைத்துத் தூக்கு என்பது. 1999இல் ஜெர்மனியில் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள் அழுத்தமானியைப் பொருத்தி நாள் முழுவதும் அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கும்போது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கும்போது 1.7, அதே 20 கிலோவை உடலோடு ஒட்டி வைத்திருக்கும்போது 1.1, உடலிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கும்போது 1.8. ஒரே ஒரு மனிதரிடம் எடுத்த அளவுகள் என்றாலும், சுமை உடலை விட்டு விலகுவது எவ்வளவு முக்கியம் என்பதை அவை நன்றாகக் காட்டுகின்றன. ஆனால் அழுத்தம் கூடுவது வேறு, வலி வருவது வேறு. தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் முதுகு வலி குறைகிறதா என்று 11 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டுக் கட்டுரை, குறைவதற்கான ஆதாரம் இல்லை என்று முடித்தது. செங்குத்தான சரிவில், இரு தேயிலைச் செடி வரிசைகளுக்கு நடுவே ஈரமான கானில் (வடிகாலில்) கால் ஊன்றி நிற்கும் பெண்ணிடம் முழங்காலை மடக்கு என்று சொல்வதில் எனக்கும் நம்பிக்கை இல்லை. அந்த அறிவுரை, நிலத்தின் சரிவையும் சுமையின் அளவையும் விட்டுவிட்டு, வலிக்கான பொறுப்பு முழுவதையும் அவருடைய முதுகின் மேல் ஏற்றிவிடுகிறது.

நடைமுறையில் பயன் தரக்கூடியவை வேறு சில. கொழுந்துப் பை தொங்கிக் கீழ் முதுகை இடிக்காமல் உடலோடு ஒட்டி உயரமாக இருக்கும்படி கயிற்றைச் சுருக்கிக் கட்டுவது ஒன்று. முழுச் சுமையும் தலையில் மாட்டிய கயிற்றிலேயே தொங்கினால் கழுத்துத் தசைகள் ஓய்வின்றி இறுகி நிற்கின்றன. தோளுக்கும் ஒரு பட்டி வைத்து இரண்டுக்கும் மாற்றி மாற்றிச் சுமையைக் கொடுப்பது நல்லது. பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுக்கூலிக்கு, 18 அல்லது 20 கிலோ பறிக்க வேண்டியிருந்தாலும் அது நாள் முழுவதற்குமான கணக்கு. எத்தனை முறை நிறுவைக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு நேரத்தில் முதுகில் தொங்கும் பாரம் அமையும். மழை நாளில் இலையோடு நீரும் சேர்ந்து சுமக்கப்படுகிறது. நிறுவைக்கு இடையேயான நேரத்தைக் குறைப்பதும், நிறுக்கும் இடத்தை மலைக்கு அருகே கொண்டுவருவதும் எந்தப் பயிற்சியையும்விட நேரடியாகப் பாரத்தைக் குறைக்கும். இது தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் பேசித் தீர்க்க வேண்டிய காரியம். அம்மா தனியாகச் செய்யக்கூடியதல்ல.

காலை நேரத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிச் சற்றுப் பருக்கின்றன. அதனால் எழுந்தவுடன் குனியும்போது டிஸ்க்கில் ஏற்படும் வளைவு இறுக்கம், பிற்பகலில் குனியும்போது ஏற்படுவதைவிட ஏறத்தாழ 300 வீதம் அதிகம் என்று 1987இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதிகாலையில் குனிவதைக் குறைத்தவர்களுக்கு நாட்பட்ட வலி குறைந்ததை 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மலையகப் பெண்கள் பலர் விடியுமுன் எழுந்து, எழுந்த வேகத்தில் குனிந்து கூட்டி, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டிச் சமைத்துவிட்டே பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகிறார்கள். உங்கள் வீட்டில் கூட்டுவதையும் தண்ணீர் தூக்குவதையும் அந்த அதிகாலை நேரத்தில் நீங்களோ அப்பாவோ செய்ய முடியுமானால், செலவில்லாத சிகிச்சை அது. அறிவுரையாக மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள், செய்யுங்கள்.

பயிற்சி செய்யுங்கள் என்று சொன்னால், நாள் முழுக்க ஏறி இறங்குகிறவளுக்கு இன்னும் என்ன பயிற்சி என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. டென்மார்க்கில் ஹோல்டர்மான் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி உடலுக்கு நன்மை தருகிறது. அதே அளவு அசைவு கூலி வேலையாகச் செய்யப்படும்போது அந்த நன்மை கிடைப்பதில்லை, சிலவேளைகளில் கெடுதலாகவும் முடிகிறது. வேலையின் அசைவு நீண்ட நேரம் ஒரே மாதிரித் தொடர்கிறது, விரும்பிய நேரத்தில் நிறுத்த முடியாது, இடையே ஆறுவதற்கு நேரம் இல்லை, தசையைப் பலப்படுத்தும் அளவுக்குக் கடுமையும் இல்லை. கொழுந்து பறித்தல் இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு: கைவிரல்கள் ஆயிரக்கணக்கான முறை ஒரே அசைவைச் செய்ய, முதுகும் கழுத்தும் அரைக்குனிவில் அப்படியே நிற்கின்றன. பயிற்சியின் வேலை, அந்தத் தசைகளுக்கு இதற்கு மாறான அசைவையும், குறுகிய நேரக் கடுமையையும், அதன்பின் ஓய்வையும் கொடுப்பது.

இதற்கு நெடுநேரம் தேவையில்லை. டென்மார்க்கில் மூன்று வைத்தியசாலைகளில் பணிபுரிந்த 200 பெண் ஊழியர்களிடம் 2015இல் வெளியான ஆய்வு நடந்தது. வாரத்தில் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம், பத்து வாரம் பலப்படுத்தும் பயிற்சி செய்தார்கள். வேலை நேரத்துக்குள், சக ஊழியரோடு சேர்ந்து செய்தவர்களுக்கு, அதையே வீட்டில் தனியாகச் செய்யச் சொல்லப்பட்டவர்களைவிட வலி நன்றாகக் குறைந்தது. வருமுன் காப்பதிலும் இதே திசைதான் தெரிகிறது. 21 சோதனைகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், பயிற்சியும் விளக்கக் கல்வியும் சேர்ந்தபோது இடுப்பு வலி வரும் வாய்ப்பு 45 வீதம் குறைந்தது; கல்வி மட்டும், பெல்ட் மட்டும், காலணிக்குள் வைக்கும் தட்டு மட்டும் எதையும் தடுக்கவில்லை. அக்காவைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் உள்ள மிக உறுதியான விடை இது. பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து பயிற்சி செய்வதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. ஒரு தோட்டமாவது இதைத் தொடங்கி, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பிசியோதெரபித் துறை போன்ற ஓர் இடத்தோடு சேர்ந்து விளைவை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

அம்மா வீட்டில் எதிலிருந்து தொடங்கலாம்? லயத்து வாசல் திண்ணையில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து மீண்டும் மெதுவாக உட்காருவது முதல் பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பிட்டத்தை உயர்த்தி ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது அடுத்தது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலையில் இருந்து, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டிப் பிடிப்பது மூன்றாவது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் நின்றபடி இடுப்பில் கையை வைத்துப் பின்னால் மெதுவாகச் சாய்வது, நாள் முழுவதும் முன்னால் வளைந்திருந்த முதுகுக்கு மாற்று. முதல் மூன்றையும் எட்டு எட்டு முறையாக இரண்டு சுற்று, வாரத்தில் மூன்று நாள் தொடங்கி, இலகுவாகத் தோன்றும்போது எண்ணிக்கையைக் கூட்டி, பின்பு கையில் ஒரு தண்ணீர்ப் போத்தலையோ அரிசிப் பையையோ வைத்துச் செய்யலாம். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று நான்கு அளவில் வலி தோன்றி அடுத்த நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். அடுத்த நாளும் கூடுதலாகவே இருந்தால் அளவைப் பாதியாக்க வேண்டும், கைவிட வேண்டியதில்லை. முன்பு அஞ்சித் தவிர்த்த குனிவையும் சிறிது சிறிதாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும், ஏனெனில் குனியாமல் தோட்டத்தில் வாழ முடியாது.

வலி தணிந்த பிறகு அது திரும்பாமல் பார்ப்பதற்கு, 2024இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு நல்ல வழி காட்டுகிறது. இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலுடன் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர நடுமட்டமாக 208 நாட்கள் ஆயின. அப்படிச் செய்யாதவர்களுக்கு 112 நாட்கள். சுமையில்லாமல், கைவீசி, தனக்கு உகந்த வேகத்தில் நடக்கும் நடை அது. ஞாயிற்றுக்கிழமையும் வேலையில்லாத நாட்களும் அம்மாவுக்கு அதற்குக் கிடைக்கக்கூடும்.

முழங்காலைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் அளவுமானி பொருத்திய செயற்கை மூட்டுக்களை வைத்து 2010இல் வெளியான அளவீடுகளின்படி, சமதரையில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையின் ஏறத்தாழ 2.6 மடங்கும், படி ஏறும்போது 3.2 மடங்கும், இறங்கும்போது 3.5 மடங்கும் விசை விழுகிறது. இறங்குவதே கடினம் என்று தோட்டத்தில் வயதானவர்கள் சொல்வது சரிதான். நிறைந்த பையோடு செங்குத்தாக இறங்காமல் குறுக்காக வளைந்து இறங்குவதும், ஊன்றுகோல் ஒன்று வைத்துக்கொள்வதும், மேலே சொன்ன உட்கார்ந்து எழும் பயிற்சியால் தொடைத் தசையைப் பலப்படுத்துவதும் உதவும்.

அக்காவுக்கு இன்னொன்று. கொழுந்து பெருகும் மாதங்களில் பறிக்கும் அளவு திடீரென்று உயர்கிறது. நீண்ட விடுப்புக்கோ பிரசவத்துக்கோ பின் மலைக்குத் திரும்புகிறவர்கள் முதல் நாளே முழுப்பேர் போட முயல்கிறார்கள். தசையும் தசைநாணும் எலும்பும் பாரத்துக்கு ஏற்பத் தம்மைப் பலப்படுத்திக்கொள்ளக் கூடியவை, ஆனால் அதற்கு வாரங்கள் வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் அளவைப் படிப்படியாக ஏற்ற முடிந்தால் நல்லது. அரைப்பேர் விழுந்தால் கூலி குறைகிறது என்பதால் இது பலருக்குக் கைகூடுவதில்லை என்பதை நான் அறிவேன், அதனால்தான் இதையும் தொழிற்சங்கம் பேச வேண்டியவற்றோடு சேர்க்கிறேன்.

கிளினிக்குக்கு ஒருமுறை போனால் ஒருநாள் கூலி போய்விடும். எனவே அரச வைத்தியசாலையில் பிசியோதெரபிஸ்டைப் பார்க்கும் முதல் நாளிலேயே, கருவிச் சிகிச்சைக்காகத் திரும்பத் திரும்ப வருவதற்குப் பதிலாக வீட்டில் செய்யக்கூடிய பயிற்சித் திட்டம் ஒன்றை எழுதித் தரும்படி கேளுங்கள். அம்மா செய்வதை அவர் பார்த்துத் திருத்தட்டும், அனுமதி கேட்டு அதை உங்கள் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். அம்மா என்ன வேலை செய்கிறார், பையை எப்படி மாட்டுகிறார், எத்தனை மணிக்கு எழுகிறார், எவ்வளவு உறங்குகிறார் என்பதை நீங்களே சொல்லுங்கள், ஏனெனில் நேரம் போதாத கிளினிக்கில் இவற்றைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லாவிட்டால், அல்லது காலில் மரத்துப்போதல் புதிதாகத் தோன்றினால், அதே அறிக்கையோடு மீண்டும் வைத்தியரைப் பாருங்கள். அதுவரை இன்னொரு ஸ்கேனுக்குச் செலவு செய்ய வேண்டாம்.